ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் நம் பெயர்

தோட்டத்தில் கணக்குப் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. செக்ரோல் உண்டு, பால் நிறுவைப் புத்தகம் உண்டு, ஸ்டோர் லெட்ஜர் உண்டு, வெட்டுக்கத்தி எத்தனை, வாளி எத்தனை, மங்கு எத்தனை என்று எழுதி வைக்கும் புத்தகமும் உண்டு. இவற்றில் ஒரு வாளி குறைந்தாலும் பெரிய கிராணியிடம் விளக்கம் கேட்கப்படும். வருஷம் தவறாமல் ஆடிட்டர் வந்து உட்கார்ந்து ஏடு ஏடாகப் புரட்டுவார். ஆனால் அதே தோட்டத்தின் டிஸ்பென்சரி மேஜையில் மருந்துக் கறை படிந்து கிடக்கும் நோயாளிகள் பதிவேட்டை யார் புரட்டிப் பார்க்கிறார்கள்? அதில் ஒரு தொழிலாளியின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தால் யார் விளக்கம் கேட்கிறார்கள்? வாளிக்கு இருக்கும் மரியாதை வாளி தூக்குகிறவனுக்கு இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட வேறு சாட்சி வேண்டியதில்லை.

சம்பளம், போனஸ், வீட்டு வசதி பற்றியெல்லாம் ஓயாமல் பேசி வருகிற நாம், ஒரு புத்தகத்தில் பெயர் எழுதுவதைப் பற்றித் தலையங்கம் எழுதலாமா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். எழுதத்தான் வேண்டும். அந்தப் புத்தகத்தில் விழும் ஒரு தவறான வரியால் மருந்து மாறிப் போகிறது. நஷ்டஈடு கைநழுவிப் போகிறது. சில வேளை பிரஜா உரிமையே கேள்விக்குறியாகிறது. 1965ஆம் வருஷத்தில் தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்று இந்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. மருந்து கொடுப்பவர் யார் என்பது அரசாங்கத்தின் ஏட்டில் ஏறியது. நல்ல காரியம். மருந்து வாங்குபவர் யார் என்பதைச் சரியாக எழுதி வைக்கும் விஷயத்தில்தான் அன்று முதல் இன்று வரை ஏனோதானோ என்ற போக்கு நீடிக்கிறது.

பெயரிலிருந்தே தொடங்குவோம்.

நம் மக்களின் பெயரை ரோமன் எழுத்தில் எழுதுவதற்கு இந்நாட்டில் ஒரு முறை இருந்ததே கிடையாது. முனியம்மா என்ற பெயரை ஒரு கிராணி ஒரு 'எம்' போட்டு எழுதுவார். மற்றொருவர் இரண்டு 'எம்' போடுவார். மூன்றாமவர் கடைசியில் ஓர் 'எச்' சேர்ப்பார். நான்காமவர் 'எல்' சேர்த்து முனியம்மாள் ஆக்கிவிடுவார். பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, அடையாள கார்டில் ஒன்று, செக்ரோலில் ஒன்று, டிஸ்பென்சரி புத்தகத்தில் இன்னொன்று. அந்த அம்மாளுக்கோ இந்த நான்கும் தம் பெயர்தான். படிக்கத் தெரிந்தவர்கள் எழுதியது சரியாகத்தான் இருக்கும் என்று அவர் நம்புகிறார். பட்டணத்துக் கிளினிக்கில் கம்ப்யூட்டர் முன் அமர்ந்திருக்கும் பெண்ணோ, கார்டில் உள்ள எழுத்துப்படி தேடி, அகப்படவில்லை என்றால் புதிய நோயாளி என்று புதிய பதிவைத் திறந்துவிடுகிறாள். பழைய பதிவில் இருந்த சர்க்கரைக் கணக்கும், இரத்த அழுத்தக் கணக்கும், இந்த மருந்து இவருக்கு ஒத்துக்கொள்ளாது என்ற எச்சரிக்கையும் அங்கேயே புதைந்து போகின்றன.

இது ஒரு பக்கம். ஒரே பெயரில் பலர் இருப்பது மறுபக்கம். நூறு குடும்பம் உள்ள தோட்டத்தில் லெட்சுமி என்ற பெயரில் நான்கு பேராவது இருப்பார்கள். தகப்பனார் பெயரைச் சேர்த்து எழுதினால் வித்தியாசம் தெரியும். ஆனால் அவசரத்தில் அதை யாரும் எழுதுவதில்லை. 'மேட்டு லயத்து லெட்சுமி', 'கங்காணி மருமகள் லெட்சுமி' என்று எழுதிவிடுகிறார்கள். லயம் மாறினால் என்ன செய்வது? கங்காணிக்கு இரண்டு மருமகள்கள் இருந்தால் என்ன செய்வது? 2007ஆம் வருஷத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் நோயாளிகளின் பாதுகாப்புக்காக வெளியிட்ட யோசனைகளில் ஒன்று, ஒருவருக்கு மருந்து கொடுக்கும் முன்னர், இரத்தம் எடுக்கும் முன்னர், குறைந்தது இரண்டு அடையாளங்களையாவது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது. பெயரும் பிறந்த தேதியும் என்று வைத்துக்கொள்ளலாம். அறை எண் அடையாளமாகாது என்றும் அந்த ஸ்தாபனம் சொல்லியிருக்கிறது. லயத்து எண்ணும் அப்படித்தான் என்று நாம் சேர்த்துச் சொல்லுகிறோம்.

கேட்கும் முறையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. 'நீங்கள்தானே லெட்சுமி?' என்று கேட்டால் நம் ஆட்கள் தலையை ஆட்டிவிடுவார்கள். காது சரியாகக் கேட்காத கிழவி ஆட்டுவாள். மலாய் மொழியில் கேட்டது புரியாதவர் 'யா, யா' என்பார். காய்ச்சலில் கிடப்பவர் எதைக் கேட்டாலும் ஆமாம் என்பார். வெள்ளைச் சட்டை போட்டவரிடம் இல்லை என்று சொல்லும் பழக்கம் நமக்குப் பரம்பரையாகவே குறைவு. ஆகவே, 'உங்கள் பெயர் என்ன? அப்பா பெயர் என்ன? எந்த வருஷம் பிறந்தீர்கள்?' என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். இதற்கு ஒரு காசு செலவில்லை. அரை நிமிஷம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

பிறந்த தேதி விஷயத்தில் ஒரு சௌகரியம் உண்டு. இப்போதைய அடையாள கார்டின் பன்னிரண்டு இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த வருஷம், மாதம், நாள். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். கார்டைப் பார்த்து எழுதினாலே பாதித் தவறுகள் நின்றுவிடும். ஆனால் வயோதிகர்கள் சிலருக்குக் கார்டில் உள்ள வயதே அந்தக் காலத்தில் யாரோ முகத்தைப் பார்த்து மதிப்பிட்டு எழுதிய வயது. அப்படிப்பட்டவருக்குக் கார்டில் உள்ளதை மாற்றாமல் எழுதி, பக்கத்திலேயே அவர் சொல்லும் விவரத்தையும் குறித்து வைப்பதுதான் முறை. தேதியை நாமாகத் திருத்தப் போனால் இரண்டு புத்தகங்களில் இரண்டு மனிதர்கள் ஆகிவிடுவார்கள்.

அடுத்து, தொழில் என்ற கட்டம். அதில் 'தோட்டத் தொழிலாளி' என்று ஒரு வார்த்தையை எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். தோட்டத்தில் எத்தனை வேலை! பால் வெட்டுகிறவர் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஈரப் புல்லில் நடக்கிறவர். பாலைச் சேர்த்து வைக்கும் இடத்தில் வேலை செய்பவர் அமோனியா நெடியிலும், உறைய வைக்கும் இடத்தில் உள்ளவர் பார்மிக் அமிலத்திலும் நாளைக் கழிக்கிறவர். மருந்தடிக்கும் தோழியரோ களைக்கொல்லியும் பூச்சிகொல்லியும் நிறைந்த பம்பை முதுகில் சுமக்கிறவர்கள். காய்ச்சலும் உடம்பு வலியும் என்று ஒருவர் வந்தால், டெங்கியா, எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சலா என்று டாக்டர் யோசிக்க வேண்டும். காட்டு வாய்க்காலில் வெறுங்காலோடு இறங்கி வேலை செய்கிறவர் என்று புத்தகத்தில் இருந்தால் அந்த யோசனை சீக்கிரம் வரும். 'தோட்டத் தொழிலாளி' என்ற ஒற்றை வார்த்தை டாக்டருக்கு ஒன்றையும் சொல்லாது.

மருந்தடிப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை எதிர்த்துத் தொழிலாளர் தரப்பில் எத்தனை வருஷம் குரல் எழுந்தது என்பது வாசகர்களுக்குத் தெரியும். 2002ல் தடை என்றார்கள். 2006ல் தடையைத் தளர்த்தினார்கள். கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதி தொடங்கித்தான் அது முற்றாகத் தடை செய்யப்பட்டது. அந்த மருந்து போய்விட்டது. அதை இருபது வருஷம் முதுகில் சுமந்த பெண்கள் போய்விடவில்லை, நம்மிடையேதான் இருக்கிறார்கள். நகம் உதிர்ந்தது, மூக்கில் இரத்தம் வந்தது, தோல் வெந்தது என்று அவர்கள் அன்று டிஸ்பென்சரிக்குப் போனார்கள். புத்தகத்தில் என்ன எழுதப்பட்டது? 'தோல் நோய். களிம்பு கொடுக்கப்பட்டது.' என்ன வேலை, எந்த மருந்து, எத்தனை மாதமாக அடிக்கிறார் என்று ஒரு சொல் இல்லை. இன்று அவர்களுக்கு வரும் நோய்க்கும் அன்றைய வேலைக்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்று எவரும் நிரூபிக்க முடியாதபடி அந்தப் புத்தகம் வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

பூச்சிகொல்லிகளில் ஒரு வகை இருக்கிறது, ஆர்கனோபாஸ்பேட் என்பார்கள். அது உடம்பில் ஏறியிருக்கிறதா என்று அறிய இரத்தத்தில் கோலினெஸ்டெரேஸ் என்ற பொருளின் அளவைப் பார்க்கிறார்கள். இந்த அளவு ஆளுக்கு ஆள் இயல்பாகவே வேறுபடும். ஆகையால் மருந்தடிக்கும் வேலையில் போடுமுன்னரே ஒரு முறை பார்த்து எழுதி வைத்து, பிறகு பார்ப்பதை அதோடு ஒப்பிட வேண்டும். முதல் கணக்கு தொலைந்து போனால் இரண்டாவது கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நேற்றைய நிறுவை தெரியாமல் இன்றைக்குப் பால் குறைந்ததா கூடியதா என்று சொல்ல முடியுமா? ஆபத்தான இரசாயனங்கள் பற்றி 2000ஆம் வருஷத்தில் வந்த விதிகளில், வைத்தியக் கண்காணிப்புப் பதிவுகளை 30 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. சட்டம் முப்பது வருஷம் என்கிறது. மழை ஒழுகும் ஸ்டோரில் அட்டைப்பெட்டியில் போட்டு வைத்த காகிதம் மூன்று வருஷம் தாங்குமா?

காயங்களின் பதிவில் நடக்கும் அநியாயம் இதைவிடப் பெரிது. வேலையில் அடிபட்டவருக்குச் சொக்சோ உண்டு. 1969ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி வந்த உரிமை அது. விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி அறிவிக்க வேண்டும். அதற்குரிய பாரத்தைப் பூர்த்தி செய்ய வேண்டும். அந்தப் பாரத்தில் எழுதப்படுவதற்கும் டிஸ்பென்சரி புத்தகத்தில் முதன்முதல் எழுதப்பட்டதற்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நாம் அறிந்த ஒரு தோட்டத்தில் பால் வெட்டும் தோழர் ஒருவர் சரிவில் வழுக்கி விழுந்து முழங்கால் முறிந்தது. கத்தி ஒரு பக்கம், வாளி ஒரு பக்கம், பார்த்த சாட்சி இரண்டு பேர். டிஸ்பென்சரி புத்தகத்தில் எழுதியது, 'கீழே விழுந்தார், கால் வலி' என்பது மட்டுமே. எங்கே விழுந்தார்? வெட்டு நிறையிலா, வீட்டுப் படியிலா? எத்தனை மணிக்கு? ஒன்றும் இல்லை. மாதக்கணக்கில் அலைந்து, சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு போய், கடைசியில் காரியம் முடிந்தது. அதுவரை அந்தக் குடும்பம் கடைக்காரரின் கடன் புத்தகத்தில்தான் உயிர் வாழ்ந்தது. நேரம், இடம், செய்துகொண்டிருந்த வேலை என்று மூன்று வார்த்தை அன்றே எழுதியிருந்தால் இந்த அலைச்சல் ஏன்?

புத்தகத்தில் ஒரு முறை சரியாக எழுதிவிட்டால் போதும் என்றும் இருந்துவிட முடியாது. மனிதன் மாறிக்கொண்டே இருக்கிறான். கிழவரின் மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அவசரத்துக்குக் கூப்பிட எழுதி வைத்த நம்பரோ மூன்று சிம் கார்டுக்கு முந்தியது. சென்ற வருஷம் எழுதிய பதிவில் கல்யாணமாகாத பெண் இன்று ஆறு மாதக் கர்ப்பிணி. சென்ற மாதம் அரசாங்க ஆஸ்பத்திரியில் பென்சிலின் ஊசியால் உடம்பு வீங்கி உயிர் பிழைத்து வந்தவர் பற்றித் தோட்டத்து டிரெஸருக்குத் தெரியவே தெரியாது. ஆகவே ஒவ்வொரு தடவை வரும்போதும் கேட்க வேண்டும். வீடு அதேதானா, டெலிபோன் அதேதானா, வேறு எங்கேயாவது மருந்து வாங்குகிறீர்களா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளவில்லையா? நாட்டு மருந்தையும் கேட்க வேண்டும். திட்டாமல் கேட்க வேண்டும். திட்டுவார்கள் என்று பயந்துதான் நம் பெண்கள் கஷாயத்தையும் சூரணத்தையும் மறைக்கிறார்கள்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இது உயிர் விஷயம். 2019ஆம் வருஷம் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் இந்நாட்டில் வயது வந்தவர்களில் 18.3 சதவிகிதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டார்கள். அதில் இந்தியர்களின் நிலைமை மற்ற இனத்தாரைவிட மோசம். இவர்களில் பலர் தோட்ட டிஸ்பென்சரியில் பாதி, அரசாங்கக் கிளினிக்கில் பாதி, பட்டணத்துக் கடையில் பாதி என்று மருந்து வாங்குகிறார்கள் (கணக்குப்படி அது ஒன்றரை ஆகிறது, உடம்புக்குள்ளும் ஒன்றரை பங்கு மருந்துதான் போகிறது). ஒரே மாத்திரையை இரண்டு வெவ்வேறு பெயரில் விழுங்கி மயங்கி விழுந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அரசாங்கக் கிளினிக்கில் கொடுக்கும் புத்தகத்தையும், கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இளஞ்சிவப்புப் புத்தகத்தையும், குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தையும் எங்கே போனாலும் கையோடு கொண்டுபோக வேண்டும். குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி குறைவு இருக்கிறதா என்று பார்த்து அந்தப் புத்தகத்தில் எழுதுகிறார்கள். குறைவுள்ள குழந்தைக்குச் சில மாத்திரைகள் ஆகா. துணிப்பெட்டியில் போடும் பாச்சை உருண்டை கூட ஆகாது. தோட்டம் மாறும்போது அந்தப் புத்தகத்தை லயத்துக் கூரை இடுக்கில் விட்டுவிட்டு வந்தால், அடுத்த டிரெஸருக்கு அதை யார் சொல்வார்?

தோட்டம் மாறுவது என்றோம். தோட்டமே மாறுவதையும் பார்க்க வேண்டும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீட்டு மனை வந்தது, கம்பெனி கைமாறியது. விற்கும்போது மரத்துக்குக் கணக்கு, மிஷினுக்குக் கணக்கு, மேஜை நாற்காலிக்குக் கணக்கு கொடுத்து வாங்கினார்கள். ஆஸ்பத்திரிப் புத்தகங்களுக்கு மட்டும் கணக்கில்லை. மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்: சில இடங்களில் ஸ்டோரில் கரையான் தின்றது, சில இடங்களில் குப்பையோடு கொளுத்தினார்கள். அவற்றோடு எரிந்தவை காய்ச்சல் கணக்கு மட்டுமல்ல. தோட்டத்து ஆஸ்பத்திரியில் இன்ன தேதியில் இன்னாருக்கு ஆண் குழந்தை பிறந்தது என்ற வரியும் அதில் இருந்தது. பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டவர்கள் பின்னாளில் பதிவிலாகாவின் வாசலில் நின்றபோது, அந்த ஒரு வரி சாட்சியாக இருந்திருக்கும். 2011ல் மைடஃப்தார் இயக்கம் நடந்தபோது நாடெங்கும் எத்தனை பேர் பத்திரமில்லாமல் வந்து நின்றார்கள் என்பதைத் தொண்டு செய்த தோழர்கள் நேரில் கண்டார்கள். வாழ்ந்த தோட்டம் இல்லை, பிறந்த ஆஸ்பத்திரி இல்லை, எழுதிய புத்தகமும் இல்லை. நான் இங்கே பிறந்தவன் என்று சொல்ல அவர்களிடம் அவர்கள் வாய் ஒன்றுதான் மிச்சமிருந்தது.

பெயர் எழுதப்படாமல் போவது நம் இனத்துக்குப் புதிதல்ல. ஜப்பானியர் காலத்தில் இந்தத் தோட்டங்களிலிருந்துதான் ஆயிரம் ஆயிரமாக நம் மக்களைச் சயாம் ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். 1943ல் பாதை முடிந்தது. அங்கே மாண்ட வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. அவர்களுடைய இராணுவம் ஆள் கணக்கு வைத்திருந்தது. காலராவிலும் மலேரியாவிலும் மாண்ட நம்மவர்களுக்கு எந்த ஏடும் இல்லை. இத்தனை பேர் என்று மதிப்பிட்டுச் சொல்கிறார்களே தவிர, இன்னார் என்று சொல்ல ஆளில்லை.

இன்று நம்மோடு வேலை செய்யும் வங்காளதேசத்துத் தோழர்களுக்கும், நேப்பாளிகளுக்கும், இந்தோனேசியர்களுக்கும் அந்தக் கதி நேர நாம் விடலாகாது. சில டிஸ்பென்சரிகளில் அவர்கள் பெயர் கூட எழுதப்படுவதில்லை. 'பங்ளா' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு நம்பர் போடுகிறார்கள். பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில் இருக்கிறது; வைத்தியப் பரிசோதனையின் முடிவு ஆபீஸ் கோப்பில் இருக்கிறது; தனக்கு என்ன நோய் என்பது அந்த மனிதனுக்கே தெரியவில்லை. 2019 முதல் வேலை விபத்துக்கு அவர்களுக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. பெயரே எழுதாதவனுக்கு எந்தப் பாதுகாப்பு வந்து சேரும்? நம் பாட்டன்மாரும் ஒரு காலத்தில் நம்பராகத்தான் கப்பலிலிருந்து இறங்கினார்கள்.

விவரங்களை எழுத வேண்டும் என்று வற்புறுத்தும் நாமே, எழுதியதை யார் பார்க்கலாம் என்பதையும் அதே கண்டிப்போடு சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். டிஸ்பென்சரி புத்தகம் செக்ரோல் அல்ல. ஒருவருக்குக் காசநோய் என்பதோ, ஒரு பெண்ணுக்குக் கர்ப்பம் கலைந்தது என்பதோ மண்டோருக்கும் கங்காணிக்கும் தெரிய வேண்டிய அவசியம் என்ன? 1955ஆம் வருஷத்து வேலைச் சட்டத்தின்படி சம்பளத்தோடு கூடிய நோய் விடுமுறை, இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள், ஐந்து வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு 18 நாள், அதற்கு மேல் 22 நாள். இதைக் கணக்குப் பார்க்கக் கிராணிக்கு வேண்டியது எத்தனை நாள் லீவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதுதான். நோயின் பெயர் வேண்டியதில்லை. கிராணி வேலை பார்ப்பவர்கள் என்ற முறையில் இதை நாம் அறிந்தே சொல்கிறோம். இருந்தும் சில தோட்டங்களில் நோயின் பெயரையும் சேர்த்தே ஆபீசுக்கு அனுப்பும் பழக்கம் இருக்கிறது. பெரட்டுக்களத்தில் அதை உரக்கச் சொல்லிக் கேலி செய்வதும் நடக்கிறது. அப்படி ஒரு முறை அவமானப்பட்டவர் அடுத்த முறை டிரெஸரிடம் உண்மையைச் சொல்வாரா? பொய் சொல்லுவார், அல்லது வரவே மாட்டார். பிறகு தொழிலாளிகள் சரியான விவரம் கொடுப்பதில்லை என்று நிர்வாகத்தார் குறை சொல்லுவார்கள்!

2010ஆம் வருஷத்துத் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அரசாங்கத்துக்கு அது பொருந்தாது. தனியார் கம்பெனிகளுக்கும் தனியார் கிளினிக்குகளுக்கும் பொருந்தும். உடல்நலம் பற்றிய விவரத்தை நுட்பமான விவரம் என்று அது தனியே பிரித்து வைத்திருக்கிறது; அதைக் கையாள வெளிப்படையான சம்மதம் வேண்டும் என்கிறது. தன்னைப் பற்றி எழுதியதைப் பார்க்கவும், தவறு இருந்தால் திருத்தச் சொல்லவும் உரிமை கொடுத்திருக்கிறது. பட்டணத்துப் பேனல் கிளினிக்கில் நீட்டும் பாரத்தில், மலாயிலும் ஆங்கிலத்திலும் பொடி எழுத்தில் இருப்பது பெரும்பாலும் அந்தச் சம்மதம்தான். படித்துச் சொல்ல ஆளில்லாமல் கைநாட்டு வைப்பதைச் சம்மதம் என்று நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

ஆகவே நிர்வாகத்தாரிடம் நாம் கேட்பது இவைதாம். டிஸ்பென்சரி இன்னும் நடக்கிற தோட்டங்களில் ஒவ்வொரு தொழிலாளிக்கும், அவரை அண்டியிருக்கும் ஒவ்வொருவருக்கும் தனித் தனிப் பதிவு வேண்டும். அடையாள கார்டில் உள்ள எழுத்துப்படி பெயரும், தமிழில் பெயரும் இரண்டும் அதில் இருக்க வேண்டும். பூட்டிய அலமாரி வேண்டும். சாவி டிரெஸரிடம் இருக்க வேண்டும், ஆபீசில் அல்ல. தோட்டம் கைமாறினால் புத்தகங்களும் கணக்கோடு கைமாற வேண்டும். மூடப்பட்டால் அவரவர் பதிவின் நகலை அவரவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் மூட வேண்டும். டிஸ்பென்சரியை மூடிவிட்டுப் பட்டணத்துக் கிளினிக்கைக் காட்டுகிறவர்கள், தொழிலாளியை லாரியில் ஏற்றி அனுப்புவதோடு தங்கள் கடமை தீர்ந்தது என்று இருக்க முடியாது. இப்போது அரசாங்கக் கிளினிக்கில் முறை எடுப்பதற்குக் கூட மைசெஜாத்ரா என்று கைப்பேசியைக் காட்டுகிறார்கள். பொத்தானை அழுத்தும் பழைய போனைக் கூடச் சரியாகப் பிடிக்கத் தெரியாத கிழவர் என்ன செய்வார்? தோட்ட ஆபீசில் ஒருவர் அதைச் செய்து கொடுக்க வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான கோரிக்கையா?

கிராணித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பெயரெழுத்தில் ஒரு 'எம்' குறைந்தால் என்ன என்று எண்ண வேண்டாம். சேமநிதிக் கணக்கில் எழுத்து மாறினால் பணம் நிற்பதை நாம் தினமும் பார்க்கிறோம். ஆஸ்பத்திரிக் கணக்கில் மாறினால் நிற்பது வேறு. புது ஆளைச் செக்ரோலில் ஏற்றும்போது கார்டைப் பார்த்து எழுதுகிறீர்களே, அதே எழுத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதி டிரெஸருக்கும் அனுப்பி வையுங்கள்.

தொழிலாளத் தோழர்களும் தோழியரும் செய்ய வேண்டியதும் இருக்கிறது. ஆளுக்கு ஒரு சிறு அட்டை வேண்டும். அடையாள கார்டில் உள்ளபடி பெயர், கார்டு நம்பர், இருக்கிற வியாதி, சாப்பிடும் மருந்து, ஒத்துக்கொள்ளாத மருந்து, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் பெயரும் டெலிபோனும் — ஒரு பக்கம் தமிழில், மறுபக்கம் மலாயில். ஒத்துக்கொள்ளாத மருந்தைச் சிவப்பு மையில் எழுதுங்கள். அடையாள கார்டின் உறையிலேயே அதை வைத்துக்கொள்ளலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பது கிளையின் பொறுப்பு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு தோட்டத்தை முடித்துவிடலாம். அதே ஞாயிற்றுக்கிழமையில் குழந்தைகளின் பிறப்புப் பத்திரத்தையும் பார்த்துவிடுங்கள். பிறந்த 60 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது தீபகற்பத்தில் இப்போதுள்ள விதி.

கிளைச் செயலாளர்கள் மூன்று விஷயங்களை விசாரித்து நமக்கு எழுதி அனுப்ப வேண்டுகிறோம்: உங்கள் தோட்டத்தில் நோயாளிகள் பதிவேடு எங்கே இருக்கிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது, மிகப் பழைய புத்தகம் எந்த வருஷத்தியது. பதில்களைத் தோட்டம் வாரியாகத் தொகுத்து நிர்வாகத்தாரோடு நடக்கும் பேச்சுவார்த்தையில் வைக்கலாம் என்பது நம் எண்ணம். பழைய புத்தகம் கரையான் பிடித்த நிலையில் அகப்பட்டால் யாரும் தூக்கி எறிய வேண்டாம்; வெயிலில் உலர்த்தி, துணியில் சுற்றி, கிளைத் தலைவர் முன்னிலையில் டிரெஸரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.